தொழுவத்துப் பாலும் நாட்டு முட்டையும்

கேள்வி: கிழக்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்த நாங்கள், ஒன்றரை வருடம் முன்பு அகரம்தென் பக்கம் சொந்த வீடு கட்டிக் குடிவந்தோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வயலும் இரண்டு மாட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. அங்கே ஒரு அம்மா ஐந்து மாடு வைத்திருக்கிறார். கறந்த சூட்டோடு பால் தருகிறேன், லிட்டர் 60 ரூபாய் என்கிறார். கோழியும் வளர்க்கிறார், நாட்டு முட்டை ஒன்று 15 ரூபாய். இதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பாக்கெட் பால்தான் பாதுகாப்பு என்கிறார் கணவர். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியோ, "இங்கே பச்சைப் பாலுக்கு மைல் கணக்கில் கார் ஓட்டிப் போகிறார்கள், உனக்கு வாசலில் கிடைக்கிறது, காய்ச்சாமல் குடி, காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும்" என்கிறான். மகனுக்கு நான்கு வயது. மகள் போன மாதம் பெரியவளானாள். அவளுக்குத் தினமும் நாட்டு முட்டையைப் பச்சையாக நல்லெண்ணெயோடு கொடுக்க வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாக இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பாலில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? முட்டை உண்மையிலேயே நாட்டு முட்டைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

– ஒரு வாசகி, அகரம்தென்

பதில்: தாராளமாக வாங்குங்கள், அம்மா. கூப்பிடு தூரத்தில் மாடும், முகம் தெரிந்த மாட்டுக்காரரும் அமைவது தாம்பரம் வட்டாரத்தில் இன்னும் எத்தனை வருடத்துக்கோ தெரியாது. முடிச்சூரிலும் மண்ணிவாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் கால்நடை மருத்துவராக நான் மருந்துப் பெட்டியோடு நுழைந்த கொட்டகைகள் பலவற்றின் மேல் இன்று அடுக்குமாடி நிற்கிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பதை விட்டுவிடாதீர்கள். ஆனால் தம்பி சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். காய்ச்சாத பால் ஒரு வாய்கூட வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

இதைப் படித்ததை வைத்துச் சொல்லவில்லை, பட்டதை வைத்துச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஏழு மாதச் சினையில் கன்று வீசிய ஒரு மாட்டுக்கு நஞ்சுக்கொடி எடுத்தேன். கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஆனால் குளிர், விடியற்காலையில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்வை, இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. முதலில் டைபாய்டு என்றார்கள், பிறகு மலேரியா என்றார்கள். கடைசியில் நான் செய்கிற வேலையைக் கேட்ட ஒரு மருத்துவர்தான் புருசெல்லோசிஸ் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் மாத்திரை. மூட்டு வலி போக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கன்று வீச்சு நோய் என்று மாட்டுக்காரர்கள் சொல்வது இதைத்தான். எனக்கு அது கை வழியாக வந்தது, பால் குடிப்பவருக்கு வாய் வழியாக வரும். ஒருமுறை கன்று வீசிய மாடு அடுத்த ஈத்தில் நல்லபடியாகக் கன்று போடும், பளபளவென்று இருக்கும், குடம் நிறையக் கறக்கும். ஆனாலும் கிருமி அதன் மடியில் தங்கிப் பாலில் வந்துகொண்டே இருக்கலாம். பாலைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை இந்தக் காய்ச்சல் வருடக்கணக்கில் படுக்கையில் போட்டது. 1887-ல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது தெரிய 1905 வரை ஆயிற்று. தெமிஸ்டோக்ளிஸ் ஜாமிட் என்ற மால்டா மருத்துவர், நோய்க்குறி எதுவும் இல்லாத வெள்ளாடுகளின் இரத்தத்தில் அதைக் கண்டார். அடுத்த ஆண்டு சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் மளமளவென்று குறைந்துவிட்டது. காசநோய்க் கிருமி, சால்மோனெல்லா, வயிற்றுக்கடுப்பு தரும் ஈ.கோலை என்று பாலில் வரக்கூடியவை இன்னும் இருக்கின்றன. இத்தனைக்கும் அடுப்புத் தீ ஒன்றே போதும். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்தாலோ, 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலோ இவை செத்துவிடும். பாஸ்டர் முறையில் பதப்படுத்துவது என்பது இவ்வளவுதான். நாம் வீட்டில் கொதிக்கவைக்கும்போது அதையெல்லாம் தாண்டிவிடுகிறோம்.

சத்து போய்விடுமே என்றால், கால்சியம் எங்கும் போகாது, புரதமும் கொழுப்பும் அப்படியே இருக்கும். பி வகை வைட்டமின்கள் சிலவும் வைட்டமின் சி-யும் கொஞ்சம் குறையும். வைட்டமின் சி-க்காக யாரும் பால் குடிப்பதில்லை, நெல்லிக்காய் இருக்கிறது. அமெரிக்காவிலேயே பச்சைப் பாலை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்க 1987 முதல் தடை இருக்கிறது. 2024-ல் அங்கே கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்து, காய்ச்சாத பாலில் அந்த வைரஸ் இருந்ததைக் கண்டார்கள். தம்பியிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர் வழக்கத்தையும் யோசியுங்கள். உங்கள் பக்கத்து மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. கபில முனிவர் பசுவாகப் பிறந்து லிங்கத்தின் மேல் பால் சொரிந்த தலம் என்பது புராணம். பச்சைப் பால் சாமிக்கும் புற்றுக்கும் போகும். மனிதர் வாய்க்கு வருவது அடுப்பு ஏறிய பால். புது வீட்டுக்குள் போனதும் நீங்கள் செய்த முதல் காரியமே பால் காய்ச்சியதுதானே?

காய்ச்சுவதிலும் ஒரு கவனம் வேண்டும். மடியிலிருந்து வரும் பால் மாட்டின் உடம்புச் சூட்டில், 38 டிகிரிக்குக் கிட்டத்தட்ட இருக்கும். நம் வெயிலில் அது தானாக ஆறாது, அந்த இளஞ்சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். வாங்கிவந்து டிபன் வேலை முடியட்டும் என்று வைக்காமல் உடனே அடுப்பில் ஏற்றுங்கள். பால் பொங்கி மேலே வந்ததும் அணைத்துவிடுவது நம் பழக்கம். ஆடைக்கு அடியில் ஆவி சேர்ந்து தூக்குவதால்தான் அது பொங்குகிறது, பாத்திரம் முழுக்கக் கொதித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பொங்கியதும் தீயைக் குறைத்து, கரண்டியால் அடிவரை கிளறி, இரண்டு மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். பிறகு பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பச்சைப் பால் வாங்கிய தூக்கில் காய்ச்சிய பாலைத் திரும்ப ஊற்றக் கூடாது. பச்சைப் பாலுக்கு ஒரு கரண்டி, காய்ச்சிய பாலுக்கு வேறு கரண்டி. பல வீடுகளில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

கிருமிக்குத் தீ போதும் என்றேன். தீக்கு அடங்காத இரண்டு விஷயங்கள் பாலில் வரலாம். அவற்றைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒன்று, மருந்து. மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்புக்குள் ஆன்டிபயாடிக் ட்யூப் ஏற்றுவோம், ஊசியும் போடுவோம். அந்த மருந்து சில நாள் பாலில் இறங்கும். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று மருந்தின் லேபிளில் இருக்கும். லேபிளில் இல்லாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள் என்பது நம் நாட்டு மருந்து விதி. காய்ச்சினால் இது போகாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆபத்து. மற்றவர்களுக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வீட்டுக்குள் வளர்க்கிற வேலை.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது, உறைமோர். இதே உறை, இதே பாத்திரம், இதே சூடு, நேற்றுவரை கத்தியால் வெட்டும்படி உறைந்த தயிர் இன்று தண்ணீராகக் கிடக்கிறது என்றால், பாலில் மருந்து இருக்கலாம். உறையில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அந்த மருந்து கொன்றுவிடும். பால் கெடாமலிருக்கச் சோடா உப்பு போட்டிருந்தாலும் உறைவது கெடும். பால் அதிகச் சூட்டில் இருந்தபோது உறை ஊற்றிவிட்டதாகவும் இருக்கலாம், அதனால் ஒரு நாளை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்தால் கொட்டகைக்குப் போய் எந்த மாட்டுக்காவது வைத்தியம் நடக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, பூஞ்சை நஞ்சு. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சை படரும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை மாடு தின்றால், உருமாறி ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். நல்ல தீவனத்துக்கு மாற்றினால் மூன்று நான்கு நாளில் நின்றும்விடும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படம் என்று பார்த்தால் பாதுகாப்புக்கு ஆபத்தான அளவில் சிக்கியவை 12-தான். ஆனால் இந்தப் பூஞ்சை நஞ்சு அளவுக்கு மேல் இருந்தவை 368. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. நாட்டிலேயே நம் மாநிலத்தில்தான் அந்த எண்ணிக்கை அதிகம். பதப்படுத்தாத பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இந்தக் குறை கூடுதலாகத் தெரிந்தது என்றும் அந்த ஆய்வு சொன்னது. பாக்கெட் பால்தான் பாதுகாப்பு என்னும் உங்கள் கணவர் இந்த ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பாக்கெட்டில் ஆயிரம் கொட்டகைப் பால் ஒன்றாகக் கலந்து வருகிறது. அதில் எந்த மாடு என்ன தின்றது என்று நீங்கள் யாரிடம் கேட்பீர்கள்? பின்தெரு அம்மாவிடம் கேட்கலாம். அவரிடம் வாங்கச் சொல்வதற்கு எனக்கு இதுதான் முதல் காரணம்.

ஆகவே ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே போங்கள். சொல்லிவிட்டே போங்கள், சோதனை போட வந்தவர் மாதிரி நிற்க வேண்டாம். பிள்ளைக்கு மாடு காட்ட வந்தேன் என்றால் எந்த மாட்டுக்காரருக்கும் முகம் மலரும்.

சாணி முதல் நாளே அள்ளப்பட்டிருக்கிறதா, மாடு படுக்கிற இடம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கறவைக்காரர் கன்றை ஒரு நிமிடம் ஊட்ட விடுவார், மாடு சுரப்பு விடும். பிறகு மடியைத் தண்ணீரால் கழுவிச் சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைப்பார். இந்தத் துடைப்பதுதான் முக்கியம். ஈரத்தோடு கறந்தால் மடியில் வழியும் அழுக்குத் தண்ணீர் கை வழியே செம்புக்குள் சொட்டும். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சைச் செம்பில் விடாமல் தனியாக ஒரு கறுப்புத் தட்டிலோ கறுப்புத் துணியிலோ விட்டுப் பார்ப்பவர் என்றால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். வெள்ளைத் திரியோ கட்டியோ தெரிந்தால் அந்த மாட்டுக்கு மடிநோய் ஆரம்பித்திருக்கிறது. கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும். பின்தெரு அம்மாவுக்கு இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நீங்களே ஒரு கறுப்புத் தட்டு வாங்கிக் கொடுங்கள். பாலுக்கு எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. கீறல் விழுந்த பெயின்ட் வாளியும் பிளாஸ்டிக் கேனும் எவ்வளவு கழுவினாலும் கீறலுக்குள் பால் பிசுக்கு தங்கும்.

தீவன மூட்டை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சுவரை ஒட்டித் தரையில் கிடந்தால் மழைக்காலத்தில் ஓதம் ஏறும். பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும். மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாகச் சூடாக இருந்தாலும், அடைத்துவைத்த பழைய அறை வாசம் வந்தாலும் அது மாட்டுக்கு ஆகாது. அடையாறு கரையோரம் வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த தீவனத்தை, காசு போட்டு வாங்கியதை எப்படிக் கொட்டுவது என்று காயவைத்து மாட்டுக்குப் போட்டவர்களை நான் பார்த்தேன். அவர்கள் மேல் கோபம் வரவில்லை, மாட்டைக் காப்பாற்றியதே பெரிய பாடு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் ஒரு தடவை அதிகமாகத் தீவனத்தைப் பற்றி விசாரிப்பதில் தவறில்லை. பொத்தேரி பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தீவனம், தாது உப்பு, பசுந்தீவனம் எல்லாவற்றுக்கும் அங்கே வழி சொல்வார்கள். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

மாட்டின் காதில் மஞ்சள் வில்லை இருக்கிறதா பாருங்கள், அதில் 12 இலக்க எண் இருக்கும். அரசு மருத்துவமனையில் அந்த எண்ணை வைத்துத்தான் கோமாரித் தடுப்பூசியும் மற்றதும் பதிவாகிறது. நான் சொன்ன கன்று வீச்சு நோய்க்குக் கிடேரிக் கன்றாக இருக்கும்போதே, நான்கு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள், ஒரே ஒரு ஊசி. மத்திய அரசு 2019-ல் தொடங்கிய திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். பகலில் அவிழ்த்துவிட்டுத் தெருவில் மேயும் மாட்டின் பால் வேண்டாம். ஜிஎஸ்டி சாலை நடுவிலும் குப்பைத் தொட்டி ஓரத்திலும் நிற்கும் மாடுகளின் வயிற்றைக் கிழித்துக் கிலோ கணக்கில் பிளாஸ்டிக் எடுத்த கை இது. ஊசி, கம்பி, சாக்கு நூல், எல்லாம் இருக்கும். குப்பை எரியும் இடத்தில் மேய்கிற மாட்டின் பால் கொழுப்பிலும் கோழியின் மஞ்சள் கருவிலும், எரிப்பதால் உண்டாகும் டையாக்சின் போன்ற நஞ்சு தங்கும். கட்டுத்தறியில் வைத்துத் தீனி போடுகிறாரா, அல்லது கண்ணெதிரே வயல் வரப்பில் மேய்க்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் நல்லது.

தண்ணீர் கலந்திருக்குமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. நான் அதைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் தண்ணீர் கலந்தால் உங்களுக்குக் காசு நஷ்டம், அழுக்குத் தண்ணீராக இருந்தாலும் அதிலுள்ள கிருமி காய்ச்சினால் செத்துவிடும். சாய்த்துப் பிடித்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். மெல்ல இறங்கி வெள்ளைத் தடம் விட்டுப் போனால் நல்ல பால், தடமில்லாமல் ஓடிவிட்டால் தண்ணீர். இன்னொன்று, கறவையின் முதல் பால் நீர்த்திருக்கும், கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு இருக்கும். முதல் செம்பை உங்களுக்கும் கடைசிச் செம்பை இன்னொருவருக்கும் ஊற்றினால், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமலே உங்கள் பால் மெலிந்துவிடும். முழுக்கக் கறந்து, கலக்கிவிட்டு அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

60 ரூபாய் அதிகமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அதிகமில்லை. ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தியது, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. அந்த விலைக்குச் சங்கத்தில் ஊற்றினால் புண்ணாக்கு வாங்கவே பெரும்பகுதி போய்விடும். நீங்கள் வாங்கும் பாலில் கொழுப்பு எடுக்கப்படுவதும் இல்லை. நீல நிற பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், நல்ல கலப்பினப் பசுவின் பாலில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஏ2 என்ற புரத வகைப் பால் என்று சொல்லி இதைப்போல இரண்டு மடங்கு கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அந்த முத்திரைகளை எடுக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் உத்தரவு போட்டு, ஐந்தே நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. மாடு சுத்தமாக இருக்கிறதா, நல்லதைத் தின்கிறதா என்பதற்குக் காசு கொடுங்கள், எழுத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

காசைவிட முக்கியமான ஒரு ஒப்பந்தம் அவரோடு செய்துகொள்ளுங்கள். மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் ஒரு வாரப் பாலைக் கீழே கொட்ட வேண்டும். ஐந்து மாடு வைத்திருப்பவருக்கு அது ஒரு வார அரிசி, ஒரு வாரப் பள்ளி வேன் கட்டணம். "இன்று பால் இல்லை" என்றால் வாடிக்கை போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள்: "அம்மா, ஊசி போட்டால் என்னிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாட்டுப் பால் எங்களுக்கு வேண்டாம். நான் அந்த வாரம் பாக்கெட் வாங்கிக்கொள்கிறேன், அடுத்த வாரம் உங்களிடம்தான் வருவேன்." முடிந்தால் அந்த வாரக் காசில் பாதியாவது கொடுங்கள். சினை மாட்டைக் கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு பால் வற்றவிட வேண்டும், அப்போதும் உங்கள் அளவு குறையும். பொறுத்துக்கொள்ளுங்கள். குறையாமல் வேண்டும் என்று நெருக்கினால், கடையில் பாக்கெட் வாங்கிக் கலந்து ஊற்றும் நிலைமைக்கு அவரைத் தள்ளுகிறோம். ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கறக்கும் பழக்கமும் இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் பிறக்கிறது. மாட்டை வதைத்துப் பால் கறப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. காய்ச்சாத பாலை வீட்டுக்கு விற்க நம் நாட்டில் தடை இல்லை. சங்கத்தில் சேராமல் தாமே விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் மாடு வளர்க்க 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமும் வேண்டும். தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். படிவம் நிரப்புவதில் அந்த அம்மாவுக்குத் தயக்கம் இருந்தால் நீங்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

இனி முட்டை. ஓட்டின் நிறத்தைப் பார்த்து நாட்டு முட்டை என்று முடிவு செய்யாதீர்கள். நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பண்ணை வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈரத்துணியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்தால் சாயம் துணியில் வரும். பண்ணைக் கோழி முட்டையிட ஆரம்பிக்கும் முதல் வாரங்களில் இடும் சின்ன முட்டையும் இந்தப் பெயரில் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமான வழி. நம் சிறுவிடைக் கோழி வருடத்துக்கு 60, 70 முட்டைதான் இடும். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பண்ணை லெகார்ன் கோழி 300-ஐத் தாண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் உங்களுக்குத் தினமும் பத்து முட்டை கொடுத்தால் அது நாட்டுக்கோழி முட்டை அல்ல. ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் மூன்று என்று கொடுத்தால் நம்பலாம். 15 ரூபாய் விலைக்கும் அதுதான் நியாயம். அவர் வைத்திருப்பது எங்கள் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி போன்ற புறக்கடை இனமாக இருந்தால் அதைவிட நிறையவே இடும், அதுவும் நல்ல முட்டைதான். புரதத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. மஞ்சள் கரு ஆரஞ்சாக இருப்பது கோழி கீரையும் புல்லும் கொத்தியதால்.

புறக்கடை முட்டையில் சேவல் சேர்ந்த கரு இருக்கும், அதனால் வெயில் காலத்தில் கவனம் வேண்டும். 27 டிகிரியைத் தாண்டினால் கரு வளர ஆரம்பித்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் சமையலறை அலமாரியில் மூன்று நாள் இருந்த முட்டையை எடுத்து, இருட்டுக் குளியலறையில் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சமையலுக்கு ஆகாது. முட்டை வந்த அன்றே, கூர்முனை கீழே இருக்கும்படி ஃபிரிட்ஜில் வையுங்கள். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவி வைக்க வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே புகும். உடைப்பதற்குச் சற்று முன்பு கழுவினால் போதும். பழசா என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள். படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டியது, மிதந்தால் தூக்கிப் போட வேண்டியது.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது எங்கள் வீட்டிலும் இருந்த வழக்கம். வளரும் பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் இரும்பும் கூடுதலாக வேண்டும் என்பதைப் புத்தகம் படிக்காமலே அறிந்தவர்கள் ஏற்படுத்தியது. அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கோழியின் எச்சத்திலும் சில சமயம் முட்டைக்குள்ளேயும் சால்மோனெல்லா இருக்கலாம், தோட்டத்தில் கொத்தித் திரியும் கோழியும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தில் பச்சை முட்டை சாப்பிடலாம் என்று 2017-ல் அனுமதித்தார்கள். அது கோழிகளுக்கு இந்தக் கிருமிக்கே தடுப்பூசி போட்டு முத்திரை குத்திய முட்டைக்கு மட்டும். நம் கொட்டகைக் கோழிகளுக்குப் போடுவது வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி, அது வேறு. தவிர, பச்சை வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதி அளவுதான் உடம்பில் சேரும், வெந்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். பேத்திக்குச் சத்து சேர வேண்டும் என்று நினைக்கும் பாட்டிக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அவர் மனம் நோகாமல் இப்படிச் செய்யுங்கள். முட்டையைப் பத்து நிமிடம் வேகவைத்து, மஞ்சள் கரு முழுக்க இறுகியதும், மிளகும் உப்பும் தூவிக் காலையில் கொடுங்கள். அவர் கேட்கும் நல்லெண்ணெயைக் கறுப்பு உளுந்தும் பனைவெல்லமும் போட்ட உளுந்தங்களியில் ஊற்றிக் கிளறச் சொல்லுங்கள். களியில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வரும் பதம் அவருக்குத்தான் தெரியும், அதனால் அந்தக் கரண்டியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.